கண் படவில்லை, கை படவில்லை

"அந்தச் சாம்பக்கலர் சேல. அவ உள்ள வரக் கூடாது தம்பி. கேட்டோட நிப்பாட்டிடு."

யோகேஸ்வரி இதைச் சொன்னபோது, கூடத்தின் நடுவே பெட்டிக்குள் அவள் கணவர் பரஞ்சோதி படுத்திருந்தார். தம்பி காளிதாசன் தூக்கிக்கொண்டு வந்த தண்ணீர்ப் போத்தல்களைக் கீழே வைத்துவிட்டு வாசலை எட்டிப் பார்த்தான். அவர் வேலை பார்த்த பள்ளிக்கூடத்து வேனிலிருந்து ஆசிரியர்கள் ஒவ்வொருவராக இறங்கிக்கொண்டிருந்தார்கள். மலேசியாவின் கெடா மாநிலத்தில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட நாள். மதியம் மணியடித்த பிறகுதான் அவர்களால் சிடாம் கிரியிலிருந்து லூனாஸுக்குக் கிளம்ப முடிந்தது. கடைசியாக இறங்கியவள்தான் அந்தச் சாம்பல் நிறச் சேலை. ஐம்பதை நெருங்கும் வயது, ஒழுங்கான மடிப்பு, அழுது வீங்கிய முகம்.

"டீச்சர் மாதிரி இருக்கேக்கா. எப்படி வராதீங்கன்னு சொல்றது? நாலு பேரு என்னா நெனப்பாங்க?"

"நெனச்சுட்டுப் போவட்டும். ஒனக்கு முடியாதுன்னா சொல்லு, நானே போறேன்."

புருஷனைப் பெட்டியில் வைத்துக்கொண்டு அக்கா வாசலில் போய்ச் சண்டை பிடித்தால் எப்படியிருக்கும்? காளிதாசன் வாசலுக்கு நடந்தான்.

"அழுதுடு யோகேசு. உள்ளயே வச்சிக்கிட்டா ஒடம்புக்கு ஆவாதுலா" என்று பக்கத்து வீட்டு நவமணி அவள் முதுகைத் தடவினாள். நேற்றிலிருந்து வந்தவர்கள் போனவர்கள் எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். அழ அவளுக்கு மட்டும் ஆசையில்லையா? இருபத்திரண்டு வருஷம் கூடவே வாழ்ந்த மனுஷன். தலைமாட்டில் மகள் சாந்தினி தொண்டை கட்டிப் போகிற அளவுக்கு அழுதுவிட்டாள். யோகேஸ்வரிக்கும் அழுகை நெஞ்சுவரை வருகிறது. வந்ததும், யாருக்காக அழப்போகிறாய், உனக்கென்று இருந்தவருக்கா, இன்னொருத்தியிடம் போனவருக்கா என்று ஒரு கேள்வி குறுக்கே வந்து நின்றுவிடுகிறது. அந்தக் கேள்வி அவளுக்குள் வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது.

அன்றைக்குப் புதன்கிழமை. பரஞ்சோதி பள்ளி விட்டு வந்து குளித்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேசைமேல் கிடந்த அவருடைய கைப்பேசி டிங் என்றது. யோகேஸ்வரி ஒன்றும் புருஷன் போனை நோண்டுகிற ரகமில்லை. மேசையைத் துடைக்கப் போனவள் கண்ணில் விழுந்தது, அவ்வளவுதான். பூட்டிய திரையில் ‘மனோகரி டீச்சர்’ என்று பெயர். கீழே இப்படி இருந்தது:

‘சார், யாருக்கும் சொல்லிடாதீங்க. கண் படவில்லை. கை படவில்லை. சனிக்கிழமை வந்துடுறேன்.’

கையில் துணியோடு அவள் அதை மூன்று முறை படித்தாள். யார் கண்ணும் படவில்லையாம். சரி. கையும் படவில்லையாம்! அடிப்பாவி, அப்படியென்றால் சனிக்கிழமைதான் படப்போகிறதா?

குளித்துவிட்டு வந்தவரிடம் போனைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை. வேறு விதமாகக் கேட்டாள்.

"சனிக்கெழம எங்கயாச்சும் போறீங்களா?"

"ஆமா, ஸ்கூல்ல மீட்டிங். ஒரு மணிக்குள்ள வந்துருவேன்."

பொய் சொல்லும்போது பரஞ்சோதிக்கு மூக்கைச் சொறிகிற பழக்கம் உண்டு. அன்றைக்கும் சொறிந்தார். மனுஷனுக்குப் பொய்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லூனாஸ் பாசாரில் அவர் பள்ளியின் தலைமையாசிரியர் அரியரத்தினத்தைப் பார்த்தபோது, கீரைக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா கேட்பதுபோலக் கேட்டாள்.

"நேத்து மீட்டிங் ரொம்ப நேரமோ சார்?"

"கூட்டமா? அப்படி ஒன்றும் இல்லையே அம்மா. சனிக்கிழமை பள்ளி பூட்டித்தானே கிடக்கும்."

அன்றிலிருந்து யோகேஸ்வரி புருஷனோடு பேசவில்லை. நேராகக் கேட்டிருக்கலாம்தான். கேட்டால் இல்லை என்பார், அதை எப்படி நம்புவது? ஆமாம் என்றுவிட்டாலோ, அதற்கப்புறம் எப்படி வாழ்வது? இரண்டுக்கும் பயந்து வாயைப் பூட்டிக்கொண்டாள். கூலிம் தொழிற்சாலையில் வேலை முடிந்து வருவாள், சமைப்பாள், தட்டை மேசையில் வைப்பாள், வெளியூரில் இருக்கிற சாந்தினியின் காலி அறைக்குள் போய்ப் படுத்துக்கொள்வாள். முதல் நாலைந்து நாள் பரஞ்சோதி, "என்னா, மௌன வெரதமா?" என்று சிரித்துப் பார்த்தார். பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோனது. ஒருநாள் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "நான் என்னா தப்பு செஞ்சேன்? சொன்னாத்தானே யோகேஸ் தெரியும்" என்றார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

நேற்றுச் சனிக்கிழமை. அவள் பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "போயிட்டு வரேன்" என்றார். ஒரு நிமிஷம் அங்கேயே நின்றார். மறுபடியும் "போயிட்டு வரேன்" என்றார். அவள் திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் காடி கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

பத்து மணிக்கு அவருடைய எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது ஒரு பெண். "அக்கா, சாருக்கு... ஸ்கூல் கம்ப்யூட்டர் ரூம்ல... ஆஸ்பத்திரிக்கு வந்துருங்கக்கா." போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வராந்தாவில் அழுதுகொண்டு நின்றவள்தான் மனோகரி டீச்சர் என்று யாரோ சொன்னார்கள், யோகேஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாரடைப்பு என்றார்கள். ஒரு பிளாஸ்டிக் பையில் அவருடைய உடுப்பைக் கொடுத்தார்கள். வெள்ளைச் சட்டையின் நெஞ்சுப் பக்கத்தில், பையோரமாக, குங்குமம் தீற்றியிருந்தது. யோகேஸ்வரி அதை அங்கேயே சுருட்டி, வீட்டுக்கு வந்ததும் தன் சேலைகளுக்கு அடியில் செருகிவிட்டாள். மகளுக்குக்கூடக் காட்டவில்லை. விடுமுறை நாள், பூட்டிக் கிடக்கிற பள்ளிக்கூடம், கதவு சாத்திய ஏர்கோன் அறை, உள்ளே இரண்டே பேர், நெஞ்சில் குங்குமம். இன்னும் என்ன சாட்சி வேண்டும்?

வாசலில் காளிதாசன் அந்தப் பெண்ணிடம் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொல்வது தெரிந்தது. அவள் தலையாட்டினாள். ஆனால் போகவில்லை. இரும்புக் கேட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். பார், போகிறாளா பார், என்ன நெஞ்சழுத்தம் என்று யோகேஸ்வரி பல்லைக் கடித்தாள்.

மற்ற ஆசிரியர்கள் மாலை போட்டுவிட்டு ஒதுங்கினார்கள். அரியரத்தினம் ஒதுங்கவில்லை. ஐந்து பேர் ஓரிடத்தில் கூடியிருந்தால் பேசாமல் போக முடியாதவர் அவர். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அன்பர்களே, ஓர் உண்மையை நேற்றுத்தான் நானே அறிந்தேன். கணினியைத் தொடவே அஞ்சிய ஆசிரியர்கள் மூவருக்கு, விடுமுறை நாள்களில் வந்து கற்றுக்கொடுத்திருக்கிறார் பரஞ்சோதி. ஒருவர் கற்பது மற்றவருக்குத் தெரிந்தால் கூச்சப்படுவார்கள் என்று தனித்தனியாக அழைத்து, என்னிடம்கூடச் சொல்லாமல் செய்திருக்கிறார். மனோகரி ஆசிரியை மட்டும் இவரிடம் பழகி முப்பத்தாறு படவில்லைகளைச் செய்து முடித்திருக்கிறார். முதல் படவில்லையைச் செய்ய அவருக்கு..."

யோகேஸ்வரி சட்டென்று நிமிர்ந்தாள். முப்பத்தாறு படவில்லையா? வரவில்லை, போகவில்லை, படவில்லை. இதையெல்லாம் எண்ண முடியுமா? முப்பத்தாறு வரவில்லை என்று யாராவது சொல்வார்களா?

"சார்" என்றாள். அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "படவில்லைன்னா என்னா சார்?"

துக்கத்தில் இந்தப் பெண்ணுக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று தலைமையாசிரியர் நவமணியைப் பார்த்தார். பிறகு குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்.

"ஸ்லைடு அம்மா. கணினியில் பாடம் நடத்தும்போது ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டுவோமே, அதற்குத் தமிழில் படவில்லை. தமிழ்ப்பள்ளியில் ஸ்லைடு என்று சொல்லாதீர்கள் என்று எங்களையெல்லாம் திருத்துவதே உங்கள் கணவர்தான்."

வீட்டில் அவர் ஸ்லைடு என்றுதான் சொல்வார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புவரை படித்த யோகேஸ்வரிக்கு அந்தக் காலத்தில் இப்படியொரு சொல்லைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. இவரும் சொல்லவில்லை. தூய தமிழ் பேசினால் அவள் கேலி செய்வாள் என்று அவருக்குத் தெரியும்.

"அப்ப... கண் படவில்லைன்னா?"

"முதலாம் ஆண்டு அறிவியலில் ஐம்புலன் பாடம் வரும். பார்ப்பதற்குக் கண், கேட்பதற்குக் காது."

"கை?"

"தொடு உணர்வுக்குக் கைப் படம் போடுவார்கள். ஏன் அம்மா?"

யோகேஸ்வரி எழுந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் வாசலுக்கு வருவதைப் பார்த்த காளிதாசன், "அக்கா, வேணாம்க்கா, நான் பாத்துக்கறேன்" என்று குறுக்கே பாய்ந்தான். அவள் அவனைத் தள்ளிவிட்டு, கேட்டைப் பிடித்திருந்த அந்தக் கையைப் பிடித்தாள்.

"உள்ள வாங்க டீச்சர்."

மனோகரி உடைந்துபோய் அழுதாள். "மன்னிச்சிருங்கக்கா. நான்தான் யாருக்கும் சொல்லாதீங்கன்னு கெஞ்சினேன். இருவத்தஞ்சு வருசம் மணிலா அட்டையில படம் ஒட்டியே காலத்த ஓட்டிட்டேன். மௌஸ் புடிக்கவே தெரியாதுன்னா இப்ப வந்த சின்னச் சின்ன டீச்சருங்கல்லாம் சிரிக்கும்னு வெக்கம். மொதல்ல பாடப்புத்தகம் மொத்தத்தையும் அதுல ஏத்தி வச்சிருந்தேன். ‘ஒன்னுல ஒரே படம், அஞ்சு வார்த்த, போதும் டீச்சர்’னு சொல்லிச் சொல்லித் திருத்தினாரு. கண்ணும் கையும் மட்டும்தான் நானாவே வீட்டுல செஞ்சு அனுப்பினேன். அன்னிக்கு அவருக்கு அவ்ளோ சந்தோசம்க்கா."

மனோகரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நேத்து நாற்காலியிலேருந்து அப்படியே சரிஞ்சிட்டாரு. நெஞ்சுல முகத்த அழுத்தி, காது வச்சுக் கேட்டேன். கைய வச்சு அமுக்கினேன், ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அமுக்கினேன். சரியா செஞ்சேனான்னு தெரியலக்கா."

"சரியாத்தான் செஞ்சிருப்பீங்க" என்றாள் யோகேஸ்வரி. "அதுக்கு முன்னால எதாச்சும் சொன்னாரா?"

"சொல்லலாமான்னு தெரியல."

"சொல்லுங்க டீச்சர்."

"‘நீங்களும் பொம்பளதானே, வீட்டுல இருவது நாளாப் பேசாம இருக்காங்கன்னா நான் என்னா செஞ்சிருப்பேன்’னு கேட்டாரு. நான் சிரிச்சிட்டேன்க்கா. பொறந்த நாளு, கல்யாண நாளு எதையாச்சும் மறந்திருப்பீங்க சார்னு சொன்னேன். வெரல் விட்டு எண்ணிப் பாத்தாரு. ‘ஒன்னும் மறக்கலையே டீச்சர்’னாரு. இன்னிக்கு வீட்டுக்குப் போயி கால்ல விழுந்தாச்சும் கேட்டுடறேன்னு சொன்னாரு."

இருபது நாள்! ஒரு வார்த்தை, கோபமாகவே ஒரு வார்த்தை யோகேஸ்வரி கேட்டிருந்தால் போதுமே. அவர் ஸ்லைடு என்று சொல்லியிருப்பார். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள். சாந்தினிக்குப் போன் போட்டுச் சொல்லியிருப்பார்கள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்தக் கதையைச் சொல்லி அவர் அவளை வருஷக்கணக்கில் கேலி செய்திருப்பார்.

"நேரமாச்சும்மா. வாய்க்கரிசி போடுறவங்க வந்து போடுங்க" என்று சடங்கு செய்கிற பண்டாரம் உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

சொந்தங்கள் வரிசையாகப் போட்டார்கள். யோகேஸ்வரி மனோகரியின் கையிலும் அரிசியை அள்ளி வைத்தாள். யாரோ இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், அவள் கண்டுகொள்ளவில்லை. கடைசியாக அவள் முறை வந்தது. மூன்று முறை போட்டாள். பண்டாரம் பெட்டியின் மூடிக்குக் கை காட்டினார். தூக்குகிறவர்கள் நெருங்கி வந்தார்கள். வெளியே பிரேத வண்டியைக் கிளப்பித் தயாராக வைத்திருந்தார்கள்.

"இருங்க" என்றாள் யோகேஸ்வரி.

சுவரோரம் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். அவர் காதருகே குனிந்தாள்.

"அன்னிக்கு நீங்க குளிச்சிக்கிட்டு இருந்தீங்க. நான் மேச தொடைக்க வந்தேன். ஒங்க போனு மேசமேல கெடந்திச்சு" என்று ஆரம்பித்தாள்.

சேகண்டி அடிக்கக் கையை ஓங்கிய பண்டாரம் அதை இறக்கிக்கொண்டார். காளிதாசன் மணியைப் பார்த்தான். அவள் எதையும் விடாமல், ஒவ்வொன்றாக, வேலை முடிந்து வந்து அடுப்படியில் பேசுகிற குரலில் சொல்லிக்கொண்டே போனாள். வண்டியோட்டி இறங்கி வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். பிறகு திரும்பிப் போய் இன்ஜினை அணைத்தார்.