எல்லோருக்கும் அறுபத்து நான்கு கிலோ

ஓசூர் சிப்காட்டில் இருந்த அந்தத் தராசுத் தொழிற்சாலையில், 2008ஆம் ஆண்டு ஆடி மாதம் முழுக்க எல்லோரும் அறுபத்து நான்கு கிலோ இருந்தார்கள். மேலாளர் அறுபத்து நான்கு. கேன்டீனில் தட்டு கழுவுகிறவர் அறுபத்து நான்கு. ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி மூன்று வாரமாக ஒரு கிராம்கூட ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வாரம் ஒருமுறை வரும் மருத்துவர் பதிவேட்டைப் புரட்டி, இவ்வளவு சீரான உடம்புகளைத் தன் சர்வீசில் பார்த்ததில்லை என்று மகிழ்ந்து போனார்.

ராயக்கோட்டை தக்காளி மண்டிக்காகத் தயாராகிக்கொண்டிருந்த புதுத் தராசு ஒன்றைப் பரீட்சைக்காக மருத்துவ அறையில் வைத்திருந்தார்கள். அதன் வயிற்றுக்குள் ஒரு சின்னக் கணினி, அதில் லினக்ஸ். எடையை உணரும் சில்லு, தான் கண்டதைக் கணினியின் நினைவில் ஒரு முகவரியில் எழுதி வைக்கும். லினக்ஸின் மையமான கர்னலிடம் முறையாக அனுமதி வாங்கி, ஒவ்வொரு தடவையும் அதைப் புதிதாகக் கேட்டுப் படிக்க வேண்டும். தொழிற்சாலையின் பொறியாளர் வினிதா எழுதிய நிரலோ அந்த இடத்தைத் தன் சமையலறை அலமாரி மாதிரி நினைத்து நேரே கையை விட்டது. கணினியும் முதலில் கிடைத்ததைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு, யார் ஏறினாலும் அதையே நீட்டியது. அவள் சோதித்ததெல்லாம் ஒரே ஒரு ஐந்து கிலோ படிக்கல்லை வைத்துத்தான். படிக்கல் ஒருநாளும் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை.

பொறியாளர்களுக்கு முன்பே தொழிலாளர்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கரண்ட் போய் வந்ததும் முதலில் ஏறுகிறவரின் எடைதான் அடுத்த மின்வெட்டு வரை எல்லோருக்கும். ஆகவே கரண்ட் வந்தவுடன் வாயிற்காவலர் ராமப்பனுக்கு ஆள் போகும். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு ஏறுவார், அறுபத்து நான்கு காட்டும், இறங்கிப் போவார். வெள்ளிக்கிழமைகளில் யாரோ தராசுக்குப் பூ வைத்தார்கள்.

பிரேம்குமார் அவள் அறையிலேயே உட்கார்ந்திருந்த இன்னொரு பொறியாளன். பிழையை அவன்தான் பிடித்தான். நான்கு வரிகளை நீக்கி, ஏழு வரிகளைச் சேர்த்து, பரிசீலனைக்கு வினிதாவுக்கே அனுப்பினான். அவள் சரி என்று எழுதினால் அடுத்த அரைமணியில் தராசு உண்மை பேசும்.

அன்று காலை அவள் மேசைக்கு முன்னால் கரியப்பன் வந்து நின்றார். பெட்டி அடுக்கும் பிரிவில் ஆறு வருடமாக ஒப்பந்தக் கூலி. மூன்று மணிக்கு அவருக்கு உடல் தகுதிப் பரிசோதனை; ஐம்பது கிலோ இருந்தால் நிரந்தர வேலை. அவர் நாற்பத்தாறு கிலோ.

"சரி பண்ண வேணாங்கல மேடம். மூணு மணிக்கு மேல பண்ணிக்கலாம்ங்களா?"

பார்க்கிறேன் என்றாள். அந்த வார்த்தை அவளுக்கே பிடிக்கவில்லை.

நிரலைப் படித்தாள். பிரேம்குமார் கர்னலிடம் அனுமதி கேட்டிருந்தான். அது மறுத்துவிட்டால் என்ன செய்வது என்று எழுதவில்லை. மறுத்தால் மொத்தத் தராசும் அப்படியே உறைந்துவிடும். நியாயமான குறை. குறிப்பெழுதித் திருப்பி அனுப்பியபோது மனதுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. அது நிரலுக்காகவா, கரியப்பனுக்காகவா? இல்லை, தன் தப்பைத் திருத்த வந்தவனிடமும் ஒரு தப்பு இருந்ததே என்பதற்காகவா? மூன்றாவதுதான் முதலில் வந்தது என்று தெரிந்ததும் வெட்கமாக இருந்தது.

பதினோரு மணிக்கு அவன் சரிசெய்து அனுப்பினான். ஒரு மாறியின் பெயர் நீளமாக இருக்கிறது என்று திருப்பினாள். பன்னிரண்டுக்கு வந்தது. ஓர் இடைவெளி கூடுதலாக இருக்கிறது என்றாள்.

"வினிதா, நீ நிரல் பாக்குறியா, பொண்ணு பாக்க வந்திருக்கியா?" என்றான் பிரேம்குமார்.

அவளால் சிரிக்க முடியவில்லை. இனிச் சொல்லக் குறை இல்லை. கர்ப்பிணிப் பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது. இரண்டு மணிக்குத் தன் பெயரைப் போட்டுச் சரி என்று எழுதினாள்.

மூன்று மணிக்கு மருத்துவ அறை வாசலில் போய் நின்றாள். கரியப்பன் செருப்பைக் கழற்றாமல் ஏறினார். நாற்பத்தாறு. அவர் திரும்பி வினிதாவைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது.

மருத்துவர் வராத நாட்களில் எடை குறிக்கும் தரக் கட்டுப்பாட்டு ஆய்வாளர் கோவிந்தப்பன் பதிவேட்டைப் பிரித்தார். போன மாதம் இதே ஆள், இதே தராசு, அறுபத்து நான்கு. ஒரே பொருளுக்கு இரண்டு அளவு வந்தால் சராசரியை எடுக்க வேண்டும் என்பது அந்தத் தொழிற்சாலையின் விதி. போல்ட்டுக்கும் நட்டுக்கும் எழுதிய விதிதான். மனிதர்களுக்கு இல்லை என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அவர் கால்குலேட்டரைத் தட்டினார்.

"அம்பத்தஞ்சு. பாஸ்."

கரியப்பன் இறங்கி அவள் அருகில் வந்தார். "நாப்பத்தாறு என்னுது. மிச்சம் ஒம்போது கிலோ நீங்க குடுத்தது மேடம்," என்றார். கேலியா நன்றியா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. அந்த ஐம்பத்தைந்துக்கு அவளுடைய தப்பும் வேண்டியிருந்தது, அவள் போட்ட கையெழுத்தும் வேண்டியிருந்தது. இரண்டில் எதையும் அவள் அவருக்காகச் செய்திருக்கவில்லை.

மறுநாள் கோவிந்தப்பன் ஒரு படிவத்தோடு வந்தார். புது நிரலில் தராசு ஆளுக்கு ஆள் வேறு எடை காட்டுகிறது, நிலைத்தன்மை போய்விட்டது. ஆகவே பழைய நிரல் ஓடும் இன்னொரு தராசையும் பக்கத்தில் வைத்து, இரண்டின் சராசரியை எடுக்க வேண்டும். பரிசீலித்தவர் என்ற இடத்தில் அவள் கையெழுத்து வேண்டும்.

நிராகரிக்கிறேன் என்று எழுதப் பேனாவைத் திறந்தாள். கரியப்பன் பெயர் பட்டியலில் ஏறிவிட்டபின் நேர்மை இத்தனை சுலபமாக வருகிறதே என்று நினைத்துக்கொண்டாள்.

"சீக்கிரம் போடும்மா," என்றார் கோவிந்தப்பன். "அடுத்த பரிசோதனை அந்த ஒப்பந்தக் கூலி மாதேஸ்வரிக்கு. நேத்துதான் முதல் தடவையா எடை பாத்திருக்கு. நாப்பத்தி நாலு. சராசரி எடுக்க அதுக்குப் பழைய கணக்கே இல்ல."

பேனா முனை காகிதத்தைத் தொட்ட இடத்தில் மை மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.