தோரா விழுங்கிய வண்டு

முழுங்கிட்டேன். ஐயோ, அதை முழுங்கியேவிட்டேன்!

தோரா முழங்கால் தண்ணீரில் அப்படியே நின்றாள். வாயில் உறிஞ்சுகுழாய், நாக்கில் எரிச்சல், கையிலிருந்த குப்பி காலி. மான்டானாவின் அந்த ஆற்றோரத்தில் காலையிலிருந்து அவளும் வண்டு சேகரிக்கும் கணவன் ஓரினும் கூழாங்கற்கள்மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நனைந்தால் கல்லுக்கடியில் பதுங்கிய வண்டுகள் பதறி ஓடிவரும். குழாயால் உறிஞ்சிக் குப்பிக்குள் இழுத்துவிட வேண்டும். வண்டு வாய்க்கு வராமலிருக்கக் குழாயில் சல்லடைத் துணி கட்டியிருக்கும். கழுவுவதற்காகக் கழற்றியவள் திரும்பக் கட்ட மறந்திருந்தாள்.

எள்ளளவு வண்டு. பச்சை மினுங்கும் முதுகு, மஞ்சள் கால்கள். இந்த ஆற்றில் அது இருக்கிறதென்று ஓரின் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை.

"கெடச்சுதா?" கரையிலிருந்து ஓரின் கத்தினான்.

"கெடச்சுது. உள்ள இருக்கு."

"குப்பிக்குள்ளயா?"

"எனக்குள்ள."

ஓடிவந்தவன் பாசியில் வழுக்கித் தொப்பியோடு தண்ணீரில் உட்கார்ந்தான். தோராவுக்குச் சிரிப்பு பீறிட்டது. வயிறு குலுங்கக் குலுங்க, உள்ளே அதற்குப் பூகம்பமாக இருக்குமே என்று நினைத்து இன்னும் சிரித்தாள்.

"சிரிக்காதடி, நசுங்கிடும்!" எழுந்து போய்க் காபியில் உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கிக்கொண்டு வந்தான். "ஒரே மூச்சுல குடி. வாந்தி வந்துரும். வண்டோட உடம்பு பாதி கெடச்சாலும் போதும், ஊசியில குத்தி, சீட்டுல என் பேரை எழுதி..."

"உன் பேரையா?"

"எப்பவும் அப்படித்தானே?"

அப்படித்தான். வீட்டில் பெட்டி பெட்டியாக வண்டுகள். ஒவ்வொன்றின் அடியிலும் நகக்கண் அகலச் சீட்டு, அதில் ஓரினின் பெயர். பாதிக்குமேல் பிடித்தவை அவள் கைகள். அதனாலென்ன என்று தனக்கே பலமுறை சொல்லியிருக்கிறாள். இப்போதோ, யாரும் சீட்டு ஒட்ட முடியாத ஒன்று அவளுக்குள் இருந்தது. அந்த நினைப்பில் ராட்டினத்திலிருந்து இறங்கியவள்போலத் தலை கிறுகிறுத்தது.

"தோரா, கண்ணு, இது எனக்காக இல்ல. அறிவியலுக்காக."

அவள் கரையேறி வெயிலில் ஒரு கல்மேல் உட்கார்ந்தாள். நீட்டிய கோப்பையை மெல்ல அவன் பக்கமே தள்ளினாள். பையிலிருந்து ரொட்டியை எடுத்து, நிதானமாக ஒரு கடி கடித்தாள்.