கேமராவுக்கும் முதுகுக்கும் நடுவே

கானா நாட்டின் குமாசி நகரில் டாக்டர் அட்வாப்பா வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குப் புது இயந்திரம் வந்தது. கூடவே அவளுக்குத் தலைவலியும் வந்தது.

ஆபரேஷன் மேசையில் குப்புறக் கிடந்தவன் டாப்ரா, ட்ரோட்ரோ என்கிற ஷேர் வேன் ஓட்டுபவன். வண்டி கவிழ்ந்து முதுகெலும்பு நொறுங்கியிருந்தது. எலும்பில் இறக்கும் திருகாணி ஒரு நூல் விலகினாலும் நரம்பைக் குத்தும். பிறகு கால்கள் அவனுடையவை அல்ல. அதற்குத்தான் இயந்திரம். முதுகில் பொருத்திய பளபளப்பான சிறு உருண்டைகளைக் கேமரா பார்த்துக்கொண்டிருந்தால், கருவி எலும்புக்குள் எங்கே போகிறது என்று திரை காட்டும். கேமரா பார்க்கவேண்டும். கேட்டது அவ்வளவுதான்.

பேராசிரியர் ஒஃபோசுஹெனே குறுக்கே நின்றார். துறைத் தலைவர், இயந்திரத்துக்கு ரிப்பன் வெட்டியவர். வேடிக்கை பார்க்க விருந்தாளிகளையும் அழைத்து வந்திருந்தார். திரை சிவந்தது.

“ஐயா, தயவுசெஞ்சு... கேமராவ மறைக்கிறீங்க.”

“கேமராவா?” முகமூடியைச் சரிசெய்து நெஞ்சை நிமிர்த்தினார். “எல்லாரும் கிட்ட வாங்கப்பா. ஃபோட்டோ எடுக்கிறாங்களாம்.”

எல்லாரும் கிட்ட வந்தார்கள்.

“ஃபோட்டோ இல்லீங்க ஐயா! இது வழி காட்டுற கேமரா!”

“எதைக் காட்டினா என்ன மகளே, நாம நல்லா விழணும்ல?”

அவள் வலக்கை எலும்புக்குள் துளைக்கருவியைப் பிடித்திருந்தது. அசைக்க முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு, நகருங்கள் என்று இடக்கையை வீசினாள்.

“தொலைஞ்சோம்,” என்று முனகினார் மயக்க மருந்து டாக்டர் டாக்கி. “பெரியவருக்குப் போய் இடக்கையா!”

“எனக்கா? இடக்கையா?” என்றார் பேராசிரியர்.

“வலக்கை இவன் முதுகுல இருக்குங்க ஐயா!”

“இருந்தா?”

விறுவிறுவென்று வெளியேறினார். அவர் போனபின் நிற்பது மரியாதை இல்லை என்று விருந்தாளிகளும் போனார்கள். திரை பச்சையானது. திருகாணிகள் ஒவ்வொன்றாக, சொன்ன இடத்தில் இறங்கின.

மாலையில் டாப்ரா இரண்டு கால்களின் விரல்களையும் அசைத்துக் காட்டினான். அதை நின்று ரசிக்க அவளுக்கு நேரமில்லை. பேராசிரியரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். தனியாகப் போனால் அது இன்னொரு அவமரியாதை என்பதால், பரிந்து பேச டாக்கியையும் இழுத்துக்கொண்டு போனாள்.

“சின்னப் பொண்ணு, கை தவறிடுச்சு,” என்றார் டாக்கி. “பெரிய மனசு பண்ணுங்க ஐயா.”

அவளோ முப்பத்தெட்டு வயதுச் சின்னப் பெண்ணாகத் தரையைப் பார்த்து நின்றாள்.

பேராசிரியரும் பெரிய மனசு பண்ணினார்.

“சரி, போகட்டும். நமக்குள்ள வருத்தம் இல்லேன்னு எல்லாருக்கும் தெரியணும். நாளைக்கு ஆபரேஷன் முடியிற வரைக்கும் உன் பக்கத்துலயே நிக்கிறேன்.”