வெயிலில் அலறிய தொட்டி

சகாதேகாஸ் மலைச்சரிவில் உள்ள சாந்தா ருஃபினாவில் வெயில் பட்ட திரவமெல்லாம் ஒலிக்கத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று சந்தையில் தக்காளி மலிவு. கல்லூரியில் இயற்பியல் கற்பித்த ஒத்திலியா சமர்ரீப்பா பல ஆண்டுகளாகவே தண்ணீர்க் குடுவைக்குள் லேசர் ஒளியை விட்டு விட்டுப் பாய்ச்சிக்கொண்டிருந்தார். ஒளி படும் இடம் கணத்தில் சூடாகி விரியும், அந்த விரிவில் ஒலி பிறக்கும், அதைக் கேட்டால் உள்ளே கலந்திருப்பது தெரியும், படம்கூட எடுக்கலாம் என்பார். கருவியில்லாமல் அந்த ஒலி யார் காதுக்கும் எட்டாததால் ஊர் அவரை மரியாதையோடு பைத்தியம் என்றது. அந்தச் செவ்வாய்க்குப் பிறகு கருவி தேவைப்படவில்லை. சூப் முணுமுணுத்தது. பால் பாடியது, பால்காரரின் பால் மட்டும் இரண்டு குரலில் பாடியது. அவர் கோழி வியாபாரத்துக்கு மாறிவிட்டார்.

நகராட்சித் தலைவர் எவரிஸ்தோ உர்கீசா புதிய குடிநீர்த் தொட்டியைத் திறந்துவைத்த அன்று, வெயில் விழுந்ததும் தண்ணீர் அலறியது. ஒத்திலியா காதைச் சாய்த்துக் கேட்டார்.

"ஆர்சனிக் விஷம், தலைவரே. பக்கத்துச் சுரங்கத்துலேர்ந்து கசியுது. குடிக்கக் கூடாது."

"புரொபசரம்மா, தண்ணி சந்தோஷத்துல கத்துது. திறப்பு விழா இல்லையா?"

மறுநாளே தொட்டிக்குத் தகரக் கூரை வந்தது. இடுக்கில் புகும் வெயிலில் எழும் அலறலை அமுக்க, நடுப்பகலில் பேண்டு வாத்தியமும் ஏற்பாடானது. அந்தத் தண்ணீரைக் குடித்த குழந்தைகளின் உள்ளங்கையில் தடிப்பு வந்தபோது, தலைவர் பெருந்தன்மையோடு சோப்பு வழங்கினார்.

ஒரு ஞாயிறு அவர் மொட்டை மாடியில் சட்டையில்லாமல் படுத்திருந்தார். மனைவி குக்கா கொடியில் துணி காயப்போட வந்தவள், நின்றுவிட்டாள்.

"எவரிஸ்தோ, உன் வயித்துக்குள்ள யாரோ பல்லைக் கடிக்கிறாங்க."

"பீன்ஸ் சாப்பிட்டேன்."

"இத்தனை வருஷமா உன் பீன்ஸ் சத்தம் கேக்கறேன். இது பீன்ஸ் இல்ல."

அறிவியலில் நம்பிக்கையில்லாத தலைவர் அன்று மாலையே ஆய்வகக் கதவைத் தட்டினார். முதலில் தொட்டிக் கூரையைக் கழற்றுங்கள் என்று சொல்ல ஒத்திலியாவுக்கு நாக்குவரை வந்தது. மனிதர் நடுங்குவதைப் பார்த்ததும், அப்படி நினைத்ததற்கே வெட்கப்பட்டார். அவரை ஆய்வகத்துத் தண்ணீர்த் தொட்டியில் படுக்கவைத்து, ஒளி பாய்ச்சி, எழுந்த ஒலியைப் படமாக்கினார். சிறுநீரகத்தில் எலுமிச்சை அளவுக் கட்டி. குவாதலஹாரா நகர மருத்துவமனையில் அதை வெட்டி எடுத்தார்கள்.

பிழைத்து வந்த தலைவர் நன்றியுணர்வு பொங்க ஓர் ஆணை போட்டார்: தலைவரின் உடலிலிருந்து வரும் ஒலி அறிவியல், தொட்டியிலிருந்து வருவது வதந்தி.

குக்கா அதைப் படித்தாள். காப்பியைப் பாதியில் வைத்தாள். கடப்பாரையோடு போய்த் தொட்டிமேல் ஏறினாள்.

"இறங்கு! ஊரே பாக்குது!" என்று கீழிருந்து கத்தினார் தலைவர்.

"பாக்கட்டும். உன் ஒரு கட்டிக்கு ஓடினியே, புள்ளைங்க கைக்கு ஓடினியா?"

சொல்லிக்கொண்டே கடப்பாரையைத் தகரத்தின் இடுக்கில் செருகினாள். பின்னாலேயே மற்ற பெண்களும் ஏறினார்கள். தகரம் பெயர்ந்தது. தண்ணீர் அலறியதில் தெருவில் சன்னல் கண்ணாடிகள் விரிசல் விட்டன. முதலில் ஓடியவர்கள் பேண்டுக்காரர்கள்.

வாரம் முடிவதற்குள் தொட்டிக்கு வந்த பழைய குழாயை அறுத்துவிட்டு மேற்கு மலைச் சுனையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதையும் தலைவரே திறந்துவைத்து, அந்த அலறலை முதலில் கேட்டவர் தாமே என்று உரையாற்றினார். ஒத்திலியா கைதட்டினார், தண்ணீர் நன்றாக இருந்ததால். குக்கா தட்டவில்லை.

இப்போதும் சாந்தா ருஃபினாவில் குவளையை வாங்கியவுடன் யாரும் குடிப்பதில்லை. வெயிலில் நீட்டுவார்கள், தலையைச் சற்றுச் சாய்ப்பார்கள், பிறகு குடிப்பார்கள். மழைக்காலத்தில் கொஞ்சம் சிரமம்தான்.