லிஃப்ட் நின்ற கட்டடத்தில் இரண்டு நாற்காலிகள்

1

இந்தக் கதையைத் திருடினேன் என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் திருட ஒன்றும் கிடைக்கவில்லை. என் தோழி ஒருத்தி, ஆய்வுக்காரி. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பேசுவாள். பேசியதை வைத்து ஆய்வு எழுதுவாள், பேசியவர்களை ஒரு சங்கமாகச் சேர்க்கப் பார்ப்பாள். "நீங்க சொல்றது யார்கிட்டயும் போகாது" என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பாள். அதனால் எனக்கும் பட்டை நாமம். ஒருநாள் பஸ் நிறுத்தத்தில், "ஒரே பொய்யைத் திருப்பிப் போட்டு ரெண்டு வீட்டுலயும் சொல்லி வச்சிருக்கான். எனக்குத் தெரியும், சொல்ல முடியல" என்றாள். கண் கலங்கியிருந்தது. அதற்குள் பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

என் கையில் இருப்பது அவ்வளவுதான். மீதியெல்லாம் நான் கட்டியது.

2

முதல் தொடக்கம்: "லிஃப்ட் நின்று இரண்டு வருடமான அந்தக் கட்டடத்தின் படிகளில் மாலை வெயில் மெல்ல…"

வேண்டாம். வெயிலைக் கண்டால் எனக்குக் கவிதை வந்துவிடும்.

இரண்டாவது: "தையல்காரியின் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து…"

இதுவும் வேண்டாம். ஜன்னலோரம் உட்காரவைத்தால் நீங்கள் பரிதாபப்படுவீர்கள், அக்காவுக்கு அது ஆகவே ஆகாது.

நேராகவே சொல்லிவிடுகிறேன். நான்காம் மாடியில் தையல்காரியும் அவள் அக்காவும். அக்கா சக்கர நாற்காலியில் இருப்பவள். லிஃப்ட் நின்ற நாளிலிருந்து அவள் தெருவைப் பார்க்கவில்லை. (தூக்கிக்கொண்டு இறங்கலாமே என்கிறீர்களா? ஒருமுறை நாலு பேர் தூக்க வந்தார்கள். "நான் என்ன பீரோவா?" என்று கேட்டு அனுப்பிவிட்டாள்.) மூன்றாம் மாடியில், சரியாக அவர்களுக்குக் கீழே, பஸ் டிரைவர். விடியற்காலை வேலை, பகலில் தூக்கம். மேலே தையல் மெஷின் ஓடினால் இவர் கட்டில் அதிரும். இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

லிஃப்டுக்குக் காசு செலவழிக்க மனமில்லாத கட்டட மேனேஜருக்கு இது போதாதா? ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். தையல்காரியிடம், "நான் ரெடிம்மா. கீழ்வீட்டு டிரைவர்தான் தூக்கம் கெடும்னு மெக்கானிக்கை உள்ளயே விடமாட்டேங்கறாரு" என்றான். டிரைவரிடம், "அந்தத் தையல்காரம்மாதான் சார், வேலை நடந்தா கரண்ட் போகும், மெஷின் நிக்கும்னு தகராறு பண்றாங்க" என்றான்.

3

இரண்டையும் கேட்டவள் ஆய்வுக்காரி ஒருத்திதான். ஒரு வாக்கியம் சொன்னால் விஷயம் முடிந்தது. நானும் ஆசையாக எழுதினேன்: "அவள் சட்டென்று எழுந்து, 'டிரைவர் அப்படிச் சொல்லவே இல்லைக்கா' என்று…"

அடித்துவிட்டேன். இன்று ஒருவர் பேச்சை இன்னொருவரிடம் கொண்டுபோனால் நாளை அவளுக்கு எந்தக் கதவும் திறக்காது.

வாக்கு ஒருபக்கம் இருக்கட்டும். அவள் ஒரு கூட்டம் போட்டுப் பார்த்தாள். எல்லா வீட்டிலிருந்தும் வந்தார்கள். வந்தவர்கள் அவளைப் பார்த்து மட்டுமே பேசினார்கள், பக்கத்து நாற்காலிக்காரரை ஏறிட்டும் பார்க்கவில்லை. டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கும் வரிசை மாதிரிதான். மேனேஜர் கதவில் சாய்ந்து சிரித்துக்கொண்டு நின்றான். கட்டடம் முழுக்க அவளோடு பழகியிருந்தது, தங்களுக்குள் பழகவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறாள் மகராசி.

(நான் மட்டும் ஒழுங்கா? இதுவரை கதையில் யாராவது பக்கத்து வீட்டாரோடு பேசினார்களா, பாருங்கள். எல்லோரும் அவளிடமோ மேனேஜரிடமோதான் பேசியிருக்கிறார்கள். எழுதுகிறவள் எனக்கே அது உறைக்கவில்லை.)

4

அடுத்த வாரம் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில், படி திரும்பும் இடத்தில், இரண்டு நாற்காலி போட்டாள். "இந்தத் தடவை இன்னொருத்தரையும் வச்சுப் பேசலாமா?" என்று இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டுச் சம்மதம் வாங்கியிருந்தாள். டிரைவரும் தையல்காரியும் உட்கார்ந்தார்கள், ஆளுக்கொரு சுவரைப் பார்த்து. அவள் படியில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"லிஃப்ட் ஓடினா முதல்ல என்ன பண்ணுவீங்க?"

டிரைவர் முட்டியைத் தடவினார். "சும்மாவே ஏறி எறங்கிட்டிருப்பேன்."

தையல்காரிக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "நல்லா இருக்கே நியாயம்! மெக்கானிக்கைத் துரத்தி விட்டுட்டு ஏறி எறங்குவாராம்!"

"யாரு துரத்தினது?"

"நீங்கதான். தூக்கம் கெடும்னு."

"ஏம்மா, உங்க மெஷின் சத்தத்துலயே தூங்கறவன் நான், ஸ்பேனர் சத்தம் என்னை என்ன பண்ணும்? நீங்கதானே கரண்ட் போகும்னு வேண்டாம்னீங்க? கூடப் பொறந்தவளை இப்படி அடைச்சு வச்சிருக்காளேன்னு என் வீட்டுக்காரி தெனம் கரிச்சுக் கொட்றா."

"நானா? எங்க அக்காவையா?" தையல்காரிக்கு அழுகை வந்துவிட்டது.

(இந்த இடத்தில் கனத்த மௌனம் ஒன்று எழுதி வைத்திருந்தேன். மேலே இருந்து வந்த குரல் அதைக் கெடுத்துவிட்டது. நல்லதாகப் போயிற்று.)

"ரெண்டு பேரையும் முட்டாளாக்கிட்டான்டி! கதவைத் திறந்து வச்சு எல்லாத்தையும் கேட்டுட்டுதான் இருக்கேன். அந்த டிரைவர் தம்பியை மேல கூட்டிட்டு வா!"

ஆய்வுக்காரி படியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

5

அதற்குப் பிறகு கதவு தட்டியது அவள் இல்லை. டிரைவரின் மனைவி ஒரு மாடி, தையல்காரி ஒரு மாடி. கேட்டால், ஒவ்வொரு வீட்டிலும் மேனேஜர் இன்னொரு வீட்டைக் கைகாட்டியிருக்கிறான். சாயங்காலம் அத்தனை பேரும் மேனேஜர் அறையில். "நீங்க ஒருத்தர்தான் இதையே…" என்று ஆரம்பித்து நிமிர்ந்தவன், வாசல்வரை நிற்கும் கூட்டத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். தையல்காரி போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தாள்.

"மேனேஜர், நாலாவது மாடியிலேர்ந்து பேசறேன்" என்றாள் அக்கா. "லிஃப்ட் வேண்டாம்னு நான் எப்பப்பா சொன்னேன்?"

அவன் மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பேசி முடிக்கும்வரை யாரும் நகரவில்லை.

இவ்வளவு சுலபமா என்று கேட்பீர்கள். நாசூக்கான முடிவுகளும் என்னிடம் உண்டு. (அ) லிஃப்ட் பாதியில் நின்றுவிடுகிறது. (ஆ) புது மேனேஜர், புதுப் பொய். இரண்டையும் எழுதிப் பார்த்துக் கிழித்துப் போட்டேன். ஜெயித்தவர்களை நானாகத் தோற்கடிக்க எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் ஜெயித்தார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

6

லிஃப்ட் கீழே வந்து கதவு திறந்தது. கைதட்டலில் காது அடைத்தது. அக்கா நல்ல புடவை கட்டியிருந்தாள்.

"வலது பக்கம் போவோம்கா, பார்க் இருக்கு" என்றாள் தையல்காரி.

"இடது பக்கம்தான் கடைத்தெரு" என்றார் டிரைவர்.

ஆளுக்கொன்று சொன்னார்கள். நானும் என் பங்குக்குப் பார்க் என்று எழுதிவிட்டேன், மர நிழல்கூட ரெடி.

"எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் அக்கா. எனக்கும் சேர்த்துத்தான் சொன்னாள். நாற்காலிப் பிடியில் தங்கை வைத்திருந்த கையை விலக்கிவிட்டு, இரண்டு கைகளையும் சக்கரத்தில் வைத்தாள். "ஓட்டறது நான்."

வாசலைத் தாண்டிவிட்டாள். எந்தப் பக்கம் திரும்பினாள் என்று நான் எழுதப்போவதில்லை. தெரிந்துகொள்ள ஆசை என்றால் கூட நடந்துபோய் அவளிடமே கேளுங்கள். நன்றாகப் பேசுவாள்.