ஆறாவது சிலிண்டரின் சுவர்

ஐவோ கெஸ்லர் தன் லாரியில் ஒரு எட்டு சிலிண்டர் எஞ்சினைச் சங்கிலி போட்டுக் கட்டிக் கொண்டுவந்து, மெக்கானிக் நெரிடாவின் பட்டறை வாசலில் நிறுத்தியபோதே எனக்குச் சந்தேகம். அடுத்த பண்ணைக்காரன். வேலிக்கம்பி இரவல் கேட்டால் மூன்று நாள் யோசிப்பவன். அவன் ஒரு எஞ்சினைச் சும்மா தருகிறான் என்றால் அதில் ஏதோ இருக்கிறது.

சனிக்கிழமை வறண்ட ஏரியில் கார் ஓட்டப் போட்டி. பிறந்தபோது இருந்த எஞ்சினோடு இன்னும் ஓடுகிற வண்டிகளுக்கு அங்கே தனிப் பட்டியல் உண்டு. எஞ்சினில் பொறித்த எண்ணைத் தேய்த்துப் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். அந்தப் பட்டியலில் இந்த வருடம் இரண்டே வண்டிகள். ஒன்று ஐவோவுடையது, மற்றது என் பழைய ஆறு சிலிண்டர் ஹோல்டன் கார். நான் எஞ்சினை மாற்றினால் அவன் தனியாக ஓடிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போவான். இருபத்தாறு வருடமாக என் கைக்கு எட்டாத கோப்பை அது.

என் வண்டியோ ஐந்து கிலோமீட்டர் போனால் கொதித்தது. ரேடியேட்டரை மாற்றினேன், கேட்கவில்லை. பம்பை மாற்றினேன், அதற்கும் கேட்கவில்லை. நெரிடா எஞ்சினின் பக்கவாட்டில் இருந்த வட்டத் தகட்டு மூடி ஒன்றை உளியால் தட்டிப் பெயர்த்தாள். தண்ணீர் வரவேண்டிய இடத்தில் பழுப்புச் சேறு எட்டிப் பார்த்தது.

"கழுத்து வரைக்கும் அடைச்சிருக்கு, வில்ஃப். என்னத்த ஊத்தித் தொலைச்ச?"

"தண்ணிதான்."

"எந்தத் தண்ணி?"

"போர் தண்ணி. வேற எதை ஊத்துவாங்க?"

எங்கள் பக்கத்தில் மழைத்தண்ணீர் தேநீருக்கு. ஆட்டுக்குப் போர், குளிக்கப் போர், வண்டிக்கும் போர். யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

"அந்த உப்புல குழாயே நாலு வருஷத்துல ஓட்டையாகுது. இரும்பு மட்டும் சிரிச்சுக்கிட்டு இருக்குமா?" என்றாள்.

அதுவரை நான் சந்தேகப்படாத ஒரே ஆள் நான்தான்.

கம்பியை விட்டு நோண்டி நோண்டி அரை வாளிச் சேறு எடுத்தோம். அந்தச் சேற்றுக்குப் பின்னால் இருப்பது ஆறாவது சிலிண்டரின் சுவர். உப்பு அதைத் தின்று ஓட்டை போட்டிருந்தால் எஞ்சின் காயலான் கடைக்குத்தான். சுவர் நின்றால் சனிக்கிழமை நான் ஏரியில் நிற்கலாம்.

ஐவோ லாரிப் படியில் உட்கார்ந்து கத்தினான். "பன்னெண்டு மணிக்குள்ள சொல்லுடா கிழவா. இல்லேன்னா வேற ஒருத்தன் கேக்குறான்."

"அவனுக்கே குடு. அவனாவது உன்னை நம்புறானான்னு பாப்போம்."

நெரிடா புது மூடி அடித்து, தண்ணீர் போய்வரும் எல்லா வழியையும் அடைத்து, கைப்பம்பால் உள்ளே காற்று ஏற்றினாள். மீட்டரில் முள் பதினைந்துக்கு ஏறியது. ஆறாவது ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, "காதை வை. சுவர்ல ஓட்டை இருந்தா இங்க சீறும்" என்றாள்.

வைத்தேன். என் நெஞ்சு அடிப்பதுதான் முதலில் கேட்டது.

முள் பதினான்குக்கு இறங்கியது. பதின்மூன்று. எங்கேயோ மெல்லிய சீறல்.

"போச்சு" என்றேன்.

ஐவோ எழுந்து வந்தான். தன் எஞ்சினை இறக்கவா என்று கேட்கப்போகிறான் என்று நினைத்தேன். அவன் குனிந்து, பம்புக் குழாய் சேரும் இடத்தில் எச்சிலைத் துப்பினான். குமிழி குமிழியாகப் பொங்கியது.

"ஓட்டை இங்க இருக்கு. கிளிப்பை முறுக்கு, நெரிடா. அவன் அழுதுடப் போறான்."

அவள் முறுக்கினாள். மறுபடி பதினைந்து. ஐந்து நிமிடம். பத்து. கால் மணி நேரம். முள் ஆணி அடித்த மாதிரி நின்றது. ஆறாவது சிலிண்டரில் ஒரு சத்தமும் இல்லை.

"ஏன்டா சொன்ன? சொல்லாம இருந்தா கோப்பை உனக்குத்தானே?" என்று ஐவோவைக் கேட்டேன்.

"தனியா ஓடி ஜெயிச்சா என் பொண்டாட்டிகூட கை தட்டமாட்டா. நீ எட்டு சிலிண்டரோட வந்தாலும், பட்டியலுக்கு வெளிய உன்னோட ஓடலாம்னு பாத்தேன்."

முழுக்க நம்பவில்லை. ஆனாலும் அந்த எஞ்சினைத் திருப்பிக் கொண்டுபோகச் சொன்னேன்.

இரண்டு நாள் கழுவினோம். ரேடியேட்டரில் ஊற்ற என் மனைவி பெரில் தொட்டியிலிருந்து பதினைந்து லிட்டர் மழைத்தண்ணீர் அளந்து கொடுத்தாள். "இன்னும் ஒரு சொட்டு கேட்டா நீ போர் தண்ணிலதான் டீ குடிக்கணும்" என்றாள்.

வியாழன் மாலை வண்டியை எடுத்தேன். ஏரி வரை இருபது கிலோமீட்டர். வழியில் கொதித்தால் இழுக்கவேண்டுமே என்று ஐவோ லாரியில் பின்னாலேயே வந்தான். ஐந்தைத் தாண்டினேன், சூடு காட்டும் முள் நடுவிலேயே நின்றது. பத்து. பதினைந்து. சாலை முடிந்து ஏரியின் வெள்ளைத் தரை தொடங்கியது. ஆறு சிலிண்டரும் ஒரே குரலில் பேசின. ஐவோ ஹாரன் அடித்தான். நிறுத்தச் சொல்கிறானா, முந்தப் பார்க்கிறானா, தெரியவில்லை. தெரிந்துகொள்ள நான் நிற்கவும் இல்லை. மிதித்தேன். கண்ணாடியில் அவன் லாரி புழுதிக்குள் சின்னதாகிக்கொண்டே போயிற்று.