அன்புத் தோழி குஞ்சிதபாதம்

நெய்வேலி டவுன்ஷிப்பில் பிறந்த பிள்ளைக்குத் தன் பிறந்த நாள் மறந்தாலும் அப்பாவின் எம்ப்ளாயி நம்பர் மறக்காது. ஸ்கூல் அட்மிஷனோ, ஓவியப் போட்டியோ, எந்த விண்ணப்பத்தை நீட்டினாலும் முதலில் அந்த நம்பர், அடுத்து அவருடைய செல் நம்பர், அதற்கப்புறம்தான் நம் பெயர். இருபத்தோரு வருஷமாக இப்படியே எழுதிப் பழகிய என் கை, 2014இல் எனக்கே ஆப்பு வைத்தது.

அந்த வருஷம் ஆடி மாதம் 'அன்புத் தோழி' என்றொரு திட்டம் வந்தது. சென்னையில் ஏதோ ஓர் அறக்கட்டளை. பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் இருக்கிற பெண்கள் தங்கள் மாதவிலக்குத் தொல்லைகளை எழுதிக் கொடுத்தால், யாருக்கும் தெரியாமல் செல்போன் வழியாகவே பெண் டாக்டரிடம் நேரம் வாங்கித் தருவார்களாம். ரகசியத் திட்டம் என்பதால் ஆட்டோவில் மைக் கட்டி ஊரெல்லாம் கூப்பிட்டார்கள். லேடீஸ் கிளப் வாசலில் ஷாமியானா, குத்துவிளக்கு, கேசரி. கிளப் செயலாளரும் பெரிய ஆபீசர் வீட்டம்மாவுமான பிரபாவதி மேடம் அரை மணி நேரம் பேசி எங்கள் கூச்சத்தைப் போக்கினார். "மெசேஜ்ல உங்க பேர்கூட இருக்காது. அவ்ளோ பிரைவசி!" என்றார். கைதட்டினோம்.

நான் கேசரிக்காகப் போகவில்லை. எனக்கு மூன்று மாதத்துக்கு மேல் வரவில்லை. தப்பாக நினைக்க ஒன்றுமில்லை, நான் பேசுகிற ஆம்பளை என்று பார்த்தால் அப்பாவும் பால்காரரும்தான். ஆனாலும் பயம். முகமெல்லாம் பரு, தாடையில் முடி. கேன்சரோ, குழந்தையே பிறக்காதோ என்று நெட்டில் தேடித் தேடிப் பாதி உயிர் போயிருந்தது. அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் வரிசையில் முன்னாலும் பின்னாலும் அப்பாவோடு வேலை பார்க்கிறவர்களின் வீட்டம்மாக்கள் நிற்பார்கள்.

விண்ணப்பத்தைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதினேன். எத்தனை நாளாக வரவில்லை என்ற இடத்தில் 96. கைபேசி எண் என்ற இடத்தில், என் செல் என் பையிலேயே கிடக்க, கை பாட்டுக்கு அப்பாவின் நம்பரை எழுதிவிட்டது. நான் மட்டுமில்லை. பேர் கொடுத்த நாற்பத்தொரு பெண்களில் முப்பத்தேழு பேர் இதே அறிவாளித்தனத்தைச் செய்திருந்தோம் என்று பின்னால் தெரிந்தது.

மூன்றாம் நாள், ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து மைன்ஸிலிருந்து வந்துகொண்டிருந்த பஸ்ஸில் அப்பாவின் செல் கத்தியது. அப்பா குஞ்சிதபாதத்துக்கு வெள்ளெழுத்து, கண்ணாடியையும் வீட்டில் விட்டுப் போயிருந்தார். "போனஸ் மேட்டரா பாருப்பா" என்று பக்கத்து சீட் பன்னீர்செல்வம் மாமாவிடம் நீட்டினார். மாமாவுக்கு யூனியன் மீட்டிங்கில் பேசிப் பேசி முற்றிய தொண்டை. கடைசி சீட் வரைக்கும் கேட்டதாம்.

"அன்புத் தோழி, உங்களுக்கு 96 நாட்களாக மாதவிலக்கு வரவில்லை. அச்சம் வேண்டாம். சனிக்கிழமை காலை டாக்டரைச் சந்திக்கவும். இந்த விஷயம் உங்களுக்கும் எங்களுக்கும் மட்டுமே தெரியும்."

எங்களுக்கும் என்றால் ஐம்பது பேர்.

அப்பா ஷூவைக்கூடக் கழற்றாமல் நேராக அடுப்படிக்கு வந்தார். செல்லை நீட்டினார். "வூட்ல இருக்கறது ரெண்டு பொம்பளைங்க. இது யாருது?"

கேட்டாரே தவிர என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பிப் பார்க்க அவருக்குப் பயம். அம்மா செல்லை வாங்கிப் படித்தாள். என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னுதுதாங்க."

"இன்னாது?"

"என்னுதுதான். நான்தான் கூட்டத்துல பேர் குடுத்தேன். இவ எழுதிக் குடுத்தா. அதுக்கு இன்னா இப்ப?"

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். வெளுத்த முகம் மெல்லச் சிவந்தது. அட கடவுளே, மனுஷன் வெட்கப்பட்டார்! "இந்த வயசுலயா சந்திரா?" என்று மீசையைத் தடவிக்கொண்டார். சாயங்காலமே ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வந்து இறங்கின.

மறுநாள் பஸ்ஸில் அப்பாவுக்கு ஒரே கைகுலுக்கல். "சிங்கம்யா நீ!" என்றார்களாம். அப்பா மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தார். அதே தொண்ணூற்றாறு நாள்தான். என் பேரில் இருந்திருந்தால் குடும்ப மானம் போயிருக்கும், அம்மா பேரில் போனதால் மைசூர்பாகு. மற்ற வீடுகளில் மைசூர்பாகு இல்லை. பாதிப் பெண்களிடமிருந்து அந்த வாரமே செல்லைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

சந்தோஷத்தில் அப்பா இன்னொரு காரியமும் செய்தார். திட்டத்துக்குப் போன் போட்டு, "பேரு சந்திரகலா, வயசு நாப்பத்திமூணு" என்று பதிந்துவிட்டார். உடனே பதில் வந்தது: "அன்புத் தோழி, உங்களுக்கு வயது அதிகம். சந்திப்பு ரத்து."

பிரபாவதி மேடத்திடம் ஓடினேன். "நம்பர் மாத்தணுமா? ரொம்ப ஈஸிம்மா. பழைய நம்பருக்கு ஒரு ரகசிய கோட் நம்பர் வரும், அப்பாகிட்டக் கேட்டு வாங்கிட்டு வா" என்றார். "யார் வேணா மாத்திட முடியாது பாரு. பிரைவசி!"

சனிக்கிழமை அம்மா, தனக்குச் செக்கப், துணைக்கு நான் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு என்னைக் கடலூர் பஸ்ஸில் ஏற்றினாள். அங்கே தனியாக கிளினிக் வைத்திருந்த பெண் டாக்டர், முதல் வேலையாக அம்மாவை வெளியே உட்காரச் சொன்னார். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டார், ஸ்கேன் எடுத்தார். சினைப்பையில் சின்னச் சின்ன நீர்க்கட்டி, நிறையப் பேருக்கு வருவதுதான், மாத்திரையிலும் நடையிலும் கட்டுக்குள் வைக்கலாம் என்றார். மூன்று மாதப் பயத்துக்கும் சேர்த்து அங்கேயே அழுது தீர்த்தேன்.

திரும்பி வரும்போது, "அப்பாகிட்ட நெசத்தச் சொல்லிடலாம்மா" என்றேன்.

"சொன்னா? நீர்க்கட்டி, நீர்க்கட்டின்னு பஸ்ல ஒவ்வொருத்தன்கிட்டயும் வெளக்கிகினு இருப்பாரா? அவனுங்க காதுல தொண்ணூத்தாறு நாள் மட்டும்தான் வுழும். பேசாம வா."

வீட்டுக்கு வந்ததும், "புள்ளையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நின்னு போச்சாம். வயசாயிடுச்சாம்" என்றாள் அப்பாவிடம். அப்பா ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து அலமாரியில் உள்ளே தள்ளி வைத்தார். "சரி வுடு" என்றார். பாவமாகத்தான் இருந்தது.

அடுத்த நாளிலிருந்து அக்கம்பக்கத்து குவார்ட்டர்ஸ் பெண்கள் ஒவ்வொருவராக வந்து துக்கம் விசாரித்தார்கள். எதிர்வீட்டு ஆதிலட்சுமி அத்தை அதிலும் ஒரு லாபம் கண்டுபிடித்தாள். "வுடு சந்திரா, இனிமே உனக்கு நாள் கணக்கே கிடையாது. வாரா வாரம் வெள்ளிக்கிழம கோயில்ல வெளக்கு பூஜய நீயே எடுத்துச் செய்யி."

ஆவணியில் எனக்கு வந்தது. பாத்ரூமிலேயே கும்பிடு போட்டேன். அதே வாரம் அம்மாவுக்கும் வந்தது, மாசா மாசம் வருகிற மாதிரியே. நான் ஊரறிய மூலையில் உட்கார்ந்தேன். அவள் யாருக்கும் தெரியாமல் என் நாப்கின் பாக்கெட்டிலிருந்து எடுத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை வாசலில் ஆதிலட்சுமி அத்தை பூஜைக்குக் கூப்பிட்டுக் குரல் கொடுத்தாள்.

இத்தனை வருஷத்தில் இந்த மாதிரி நாளில் அம்மா கோயில் தெருவில்கூட நடந்ததில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு புடவையைச் சரிசெய்தாள். எனக்கு அவள் மேல் கோபம், அப்பா மேல் கோபம், அந்த ஐம்பது பேர் மேலும் கோபம்.

"போவாதம்மா. தலவலின்னு சொல்லு."

"மாசா மாசமா தலவலி வரும்?" சாமி படத்தின் பக்கம் பார்க்காமல், "தாயே, மன்னிச்சுக்கோ" என்று முணுமுணுத்தாள். பிறகு என் கன்னத்தைத் தட்டினாள். "உனக்கு வந்துச்சில்ல? அது போதும்."

பூக்கூடையை எடுத்துக்கொண்டு அத்தையின் பின்னால் போனாள்.